கோரைக்கு விதை எதுக்கு?



சொர்ணவாரி அறுப்பு முடிஞ்சு, வைக்கோல் போரும் போட்டாச்சு. சம்பாவுக்கு நாத்து விடறதுக்கு முன்னாடி நாலு நாள் கை ஓய்வா இருக்கு. அதனால ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச ஒரு விஷயத்தை எழுதிடறேன். கோரை. "கோரையைப் பத்தி எழுத என்னங்க இருக்கு, புடுங்கிப் போட வேண்டியதுதானே" என்று டவுன்ல இருக்கறவங்க கேட்பீங்க. நிலம் வெச்சிருக்கறவங்க கேட்க மாட்டீங்க. அவங்களுக்குத் தெரியும், புடுங்கறது நம்ம வேலை, திரும்ப முளைக்கறது அதோட வேலை.

முதல்ல ஒண்ணு தெளிவு படுத்திடறேன். பாய் முடையற கோரை வேற. எங்களுக்குத் தெற்கே வந்தவாசிப் பக்கம் பாய்க்குப் பேர் போன ஊரு, அதுக்கு வேண்டிய கோரை உயரமா, தண்டு நீளமா இருக்கும். நான் சொல்றது நிலத்துல களையா வர்ற குட்டைக் கோரை. அடியில கறுப்பா, வாசனையா ஒரு கிழங்கு இருக்கும். நாட்டு மருந்துக் கடையில முத்தக்காசுன்னு கேட்டா அதைத்தான் பொட்டலம் கட்டிக் குடுப்பாங்க. நாம காசு குடுத்து அழிக்கறதை அங்க காசு குடுத்து வாங்கிக்கினு போறாங்க.

எங்க நிலம் காஞ்சிபுரத்துக்குத் தெற்கே, பாலாத்துக்கும் செய்யாத்துக்கும் நடுவுல. அப்பா காலத்துல ஒரு ஏக்கர் எண்பது சென்ட் ஒரே துண்டா இருந்தது. பாகம் பிரிச்சப்போ எனக்குத் தொண்ணூறு, தம்பிக்குத் தொண்ணூறு. ரோட்டோரம் என் பங்கு. உள்பக்கம் தம்பி பங்கு. கிணறு தம்பி பங்குல இருக்கு, பாதை என் பங்கு வழியா போகுது. தண்ணி ரெண்டு பேருக்கும் பொது, பாதையும் பொது. அப்பா அப்படித்தான் எழுதி வெச்சார். ஒருத்தன் இல்லாம இன்னொருத்தன் பயிர் வைக்க முடியாது.

தம்பி இப்போ ஒரகடம் பக்கம் ஒரு கம்பெனிக்கு ஷிப்டுக்குப் போறான். விடியக்காலை வேன் வந்து ஏத்திக்கினு போயிடும். ராத்திரி ஷிப்டு முடிஞ்சு வந்தா பகல்ல தூக்கம். நிலத்தைப் பார்க்க எங்க நேரம். மூணு வருஷமா அவன் பங்கு தரிசு. அதுல இன்னா வரும்? ஆடு மேய அருகம்புல் கொஞ்சம், பார்த்தீனியம் கொஞ்சம், மீதி எல்லாம் கோரை. வரப்புக்கு அந்தாண்ட இருந்து இந்தாண்ட வந்துக்கினே இருக்கு. வரப்பு நமக்குத்தான் எல்லை, கோரைக்கு அது ஒரு மேடு, அவ்வளவுதான்.

மாசி மாசம் ஒரு புரோக்கர் வந்தார். ரெண்டு பங்கையும் சேர்த்துக் குடுத்தா லேஅவுட் போடலாம், தம்பி பங்கு மட்டும்னா பாதை இல்ல, வேணாம்னார். தம்பிக்கு வீடு கட்டின கடன் இருக்கு. அவன் பொண்ணு அரசு கலைக் கல்லூரியில தாவரவியல் ரெண்டாம் வருஷம் படிக்குது, அதுக்கு மேல படிக்க வைக்கணும். அவன் கேட்டதுல தப்பே இல்ல.

"இன்னாண்ணா பண்றது, நிலம் சும்மாதானே கெடக்குது. கோரைக்குக் கஞ்சி ஊத்திக்கினு இருக்கோம். நீயும் எத்தினி நாள் அத்த புடுங்கிக்கினு இருப்ப?"

அந்தக் கேள்விக்கு என்கிட்ட அன்னிக்குப் பதில் இல்ல. "ஒரு வருஷம் குடுடா. உன் பங்கையும் நானே பார்க்கறேன். வர்ற தை மாசம் அதுல பயிர் நிக்கலன்னா அப்புறம் பேசலாம்"னு சொன்னேன். அம்மா திண்ணையில உட்கார்ந்து கேட்டுக்கினு இருந்தாங்க, ஒண்ணும் பேசல. தம்பி யோசிச்சான். தைன்னு ஒப்புக்கினான்.

ஆக, கோரையை அடக்கினாத்தான் நிலம் நிக்கும்னு ஆயிடுச்சு. அடக்கணும்னா அது எப்படிப் பொழைக்குதுன்னு தெரியணும். இதுல எனக்கு வாத்தியார் தம்பி பொண்ணுதான்.

சின்னப் பொண்ணு ஒரு வேலை பண்ணுச்சு. பொங்கல் முடிஞ்ச கையோட, உடைஞ்ச சிமெண்ட் தொட்டி ஒண்ணுல மண்ணு போட்டு ஒரே ஒரு கோரைக் கிழங்கை நட்டு, தெனம் தண்ணி ஊத்திக்கினு வந்துச்சு. தமிழ் வருஷப் பிறப்பு அன்னிக்கு தொட்டியைக் கவுத்து, மண்ணை உதிர்த்து, சாக்கு மேல கிழங்கைப் பரப்பி எண்ண ஆரம்பிச்சோம். எழுபது வரைக்கும் எண்ணி, அம்மா "போதும்டி, எண்ண எண்ண வளரப்போவுது"ன்னு சொல்லிட்டாங்க. பட்டாணி அளவு, அதைவிடச் சின்னது எல்லாம் சாக்குலயே மிச்சம் இருந்தது. நட்டது ஒண்ணு. விதை ஒண்ணுகூட விழல.

"பெரியப்பா, இது எழுபது செடி இல்ல. ஒரே செடிதான்"ன்னு சொல்லுச்சு.

எனக்குப் புரியல. அது விளக்கினதை என் பாஷையில சொல்றேன். நெல்லுல ஆணும் பெண்ணும் சேர்ந்து விதை வருது. ஒவ்வொரு விதையும் தனி ஆள், அண்ணன் தம்பி மாதிரி, ஒரே சாயல் இருந்தாலும் ஒண்ணு இன்னொண்ணு இல்ல. கோரையில அப்படி இல்ல. கிழங்குல இருந்து கம்பி மாதிரி ஒரு அடித்தண்டு மண்ணுக்குள்ளேயே ஓடுது. கொஞ்ச தூரம் போய் நுனி தடிச்சு இன்னொரு கிழங்கு ஆகுது. அதுல இருந்து ஒரு தண்டு மேல வந்து இலை விடுது, இன்னொண்ணு மேற்கொண்டு ஓடுது. இப்படியே கிழங்கு, கம்பி, கிழங்கு, கம்பின்னு மணி கோத்த மாதிரி. மேல பார்த்தா நூறு செடி. கீழ பார்த்தா ஒரே உடம்பு. பூவும் பூக்குது, ஆனா அந்த விதையில முளைக்கறது ரொம்பக் கம்மி. அதுக்கு விதையே தேவைப்படல.

இப்படி வளர்றதைப் படிப்புல குளோன் வளர்ச்சின்னு சொல்றாங்களாம். குளோன்னா ஏதோ ஆட்டுக்குட்டியை ஆய்வுக்கூடத்துல செஞ்ச சமாச்சாரம்னு நான் நினைச்சிருந்தேன். நம்ம வரப்புல நடக்கறதுக்கும் அதே பேர்தான். ஒரு விதையில இருந்து வந்த மொத்தக் குடும்பத்துக்கும் ஜெனட்டுன்னு ஒரு பேர், அதுல கண்ணுக்குத் தனியா தெரியற ஒவ்வொரு செடிக்கும் ராமெட்டுன்னு ஒரு பேர். ரேஷன் கார்டு ஒண்ணு, அதுல பேர் எழுபது. அப்படித்தான் நான் ஞாபகம் வெச்சிக்கினேன்.

இந்த மாதிரி வளர்றது அதிகமா குளிர் தேசத்துலதானாம். அங்க புல்வெளி நெருக்கமா இருக்கும், விதை விழுந்தாலும் முளைச்சு மேல வர இடம் கிடைக்காது. குளிர்காலத்துல மேல இருக்கற இலை தண்டெல்லாம் கருகிடும். ஆனா மண்ணுக்கடியில மொட்டு தூங்கிக்கினு இருக்கும், வசந்தம் வந்ததும் அதுல இருந்து புதுசா கிளம்பும். பாதிக்கு மேல மண்ணுக்கடியில வாழற செடிங்க. அந்த மொட்டுங்களோட தொகையை "மொட்டு வங்கி"ன்னு சொல்றாங்க. நல்ல பேர். தீ வந்தாலும், மாடு மேய்ஞ்சாலும், பனி கொட்டினாலும் வங்கியில எடுத்துச் செலவு பண்ணி எழுந்து நிக்கும்.

அமெரிக்காவுல யூட்டா மாநிலத்துல ஆஸ்பென் மரக்காடு ஒண்ணு இருக்கு. பேரு பாண்டோ. சுமார் 43 ஹெக்டேர், நம்ம கணக்குல நூறு ஏக்கருக்கு மேல. அதுல ஏறக்குறைய 47,000 தண்டு நிக்குது. எல்லாம் ஒரே வேர்ல இருந்து கிளம்பின ஒரே மரம். நம்ம கோரை மாதிரியேதான், உருவம் பெருசு. ஆனா அந்தக் காட்டுக்கு இப்போ ஒரு சிக்கல். வேர்ல இருந்து வர்ற இளங்குருத்தை மானும் மாடும் தின்னுடுது. கிழ மரம் சாயுது, இடத்துக்குப் புதுசு வரல. வேலி போட்டுக் காப்பாத்தப் பார்க்கறாங்க. நாம இங்க ஒரு குளோனை அழிக்க முடியாம தவிக்கறோம், அவங்க அங்க ஒரு குளோனைக் காப்பாத்தத் தவிக்கறாங்க.

நம்ம ஊர்லயும் இது ஒண்ணும் புதுசு இல்ல. கல்யாணத்துல பெரியவங்க வாழ்த்தும்போது எந்தச் செடி கொடியைச் சொல்றாங்கன்னு கவனிங்க. ஆலமரம், அருகம்புல், மூங்கில். வம்சம் தொடரணும்னா வாழையடி வாழைன்னு சொல்றோம். நாலும் விதையை நம்பாம பரவற ஜாதி. நெல்லு மாதிரி இருங்கன்னு யாரும் வாழ்த்தல. அந்தக் காலத்து ஆளுங்க மண்ணைத் தோண்டிப் பார்த்துத்தான் சொல்லியிருக்காங்க.

அடையாறுல தியாசாபிகல் சொசைட்டி தோட்டத்து ஆலமரத்தை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. 1989-ல ஒரு புயல் காத்துல அதோட தாய்மரம் சாய்ஞ்சிடுச்சு. ஆனா மரம் சாகல. விழுதெல்லாம் ஏற்கெனவே மண்ணுல இறங்கித் தூணா நின்னுட்டதால சுத்துக் கிளையெல்லாம் உயிரோட இருக்கு. நடுவுல மட்டும் காலி.

பரவறதுல ரெண்டு தினுசு இருக்காம். 1981-ல ஒரு ஆராய்ச்சியாளர் அதுக்குப் பேரு வெச்சிருக்கார். ஒண்ணு கொரில்லா, இன்னொண்ணு படை அணிவகுப்பு. அருகம்புல்லும் வல்லாரையும் கொரில்லா. நீளமா கொடி விட்டு, கிடைச்ச சந்துல எல்லாம் கால் ஊனிட்டுப் போயிடும். வெட்டிவேரும் மூங்கிலும் அணிவகுப்பு. ஒண்ணோட ஒண்ணு நெருக்கியடிச்சு, வேற யாரையும் உள்ள விடாம ஓரத்துல மெதுவா நகரும். கோரை கொரில்லாப் பக்கம்தான், அதுவும் மண்ணுக்கடியில வர்ற கொரில்லா. தக்காளிக்கு பிளாஸ்டிக் ஷீட் விரிச்சவங்க பார்த்திருப்பீங்க, ஷீட்டையே ஊசி மாதிரி குத்திக்கினு மேல வரும்.

இன்னொரு விஷயம் எனக்கு ரொம்பப் புடிச்சது. கொடி அறுபடாம இருக்கற வரைக்கும் தாய்ச்செடி பிள்ளைச்செடிக்குச் சோறு ஊட்டுதாம். நிழல்ல மாட்டின குட்டிக்கு வெயில்ல இருக்கற தாய் சத்து அனுப்புது. வறண்ட இடத்துல இருக்கறதுக்கு ஈர இடத்துல இருக்கறது தண்ணி அனுப்புது. ஊட்டிப் பக்கம் ஸ்ட்ராபெரி பார்த்தவங்களுக்குத் தெரியும், கொடி நுனியில குட்டி வேர் விடற வரைக்கும் அறுக்க மாட்டாங்க. இதை எழுதும்போது எனக்கு எங்க கிணறும் பாதையும் ஞாபகத்துக்கு வந்தது. அதை இங்க நீட்ட வேணாம்.

சரி, இவ்வளவு பலம் இருக்கே, அப்போ எல்லாப் பயிரையும் இப்படியே வளர்க்கலாமேன்னு தோணும். நாம வளர்த்துக்கினுதான் இருக்கோம். கரும்புக் கரணை, வாழைக் கன்னு, உருளைக்கிழங்கு, மல்லிகைப் பதியன், வெட்டிவேர் நாத்து எல்லாம் அதே வழி. கரும்பு அறுத்த கட்டை மறுபடி தழைச்சா மறுதாம்புன்னு ரெண்டாவது வெட்டு எடுக்கறோம்.

காஞ்சிபுரத்துப் பட்டும் இதுல அடக்கம். எங்க அம்மா பொறந்த வீட்டுல தறி இருந்தது, அதனால இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு. தறிக்கு வர்ற பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்துப் பட்டு. அங்க புழுவுக்குப் போடற மல்பெரியை யாரும் விதை போட்டு வளர்க்கறது இல்ல. மூணு நாலு மொட்டு இருக்கற குச்சியா வெட்டி மண்ணுல ஊனிடறாங்க. மைசூர் பட்டு ஆராய்ச்சி நிலையம் 1997-ல வெளியிட்ட வி-1 ரகம் எத்தனையோ கிராமத்துல நிக்குது, எல்லாம் ஒரே தாயோட துண்டு. வருஷத்துக்கு நாலஞ்சு தடவை ஒட்ட வெட்டினாலும் மறுபடி தழைக்கும். மாப்பிள்ளை வீட்டுக்குக் கட்டிக் குடுக்கற முகூர்த்தச் சேலை, வெட்ட வெட்டத் தழைச்ச இலையிலதான் ஆரம்பிக்குது.

ஏகாம்பரநாதர் கோயில் மாமரம் தெரியும் இல்லையா. ஒத்தை மாமரம், ஏக ஆம்ரம், அதுல இருந்துதான் சாமி பேரே. நாலு கிளையில நாலு ருசின்னு ஐதீகம். பக்தியோட கேட்டா அது நாலு வேதம். நம்மளை மாதிரி ஆள் காதுல விழுந்தா, ஒரே மரத்துல நாலு ரகத்தை ஒட்டுக் கட்டின கைகாரன் யாரோன்னு ஒரு நினைப்பு ஓடும். ரெண்டையும் மனசுல வெச்சிக்கினு கும்பிடலாம், ஒண்ணும் தப்பில்ல.

ஆனா இதுல ஒரு ஆபத்து உண்டு. எல்லாரும் ஒரே ஆள்னா, ஒருத்தனுக்கு வந்த நோய் எல்லாருக்கும் வரும். உலகம் முழுக்க ஏத்துமதி ஆன குரோ மிஷேல்னு ஒரு வாழை. வாடல் நோய் வந்து 1950-கள்லயும் 60-கள்லயும் தோட்டம் தோட்டமா போயிடுச்சு. அதுக்குப் பதிலாத்தான் கேவண்டிஷ் வகை வந்தது. நம்ம கடையில விக்கற பச்சைத் தோல் நீள வாழை அந்த வகைதான். நம்ம ரஸ்தாளியும் அந்த வாடலுக்கு ஈசியா விழுந்துடும், வாழை வெச்சவங்க அழுத கதை எல்லாருக்கும் தெரியும். அயர்லாந்துல 1845-ல உருளைக்கிழங்குல கருகல் வந்து பஞ்சம் வந்ததும் அதே கதைதான், ஏழைங்க எல்லாரும் நம்பினது பெரும்பாலும் ஒரே ரகத்தை. மூங்கில்ல இன்னொரு தினுசு. மிசோரம்ல சுமார் 48 வருஷத்துக்கு ஒருமுறை காட்டு மூங்கில் மொத்தமும் சேர்ந்து பூத்து, விதை விட்டு, மொத்தமும் சேர்ந்து சாகுது. அந்த விதையைத் தின்னு எலி பெருகி, அப்புறம் வயல்ல இறங்குது. 1959-ல அதனால அங்க பஞ்சமே வந்தது.

அதனால செடிங்க முழுசா ஒரு வழியை நம்பறது இல்ல. அருகம்புல்கூட பூக்குது. இடம் பிடிக்க வேர், காலம் மாறினா சமாளிக்க விதை.

இப்போ நம்ம கோரைக்கு வரேன். அதோட பலம் தெரிஞ்சா பலவீனமும் தெரியும்.

முதல் விஷயம், ரோட்டவேட்டர். "ரெண்டு சால் ரோட்டவேட்டர் ஓட்டுங்க, கோரை தூளாயிடும்"னு ஊர்ல சொல்வாங்க. தூளாகறது மேல இருக்கற இலைதான். கிழங்குச் சங்கிலி அறுபடாம இருக்கறப்போ முன்னாடி இருக்கற மொட்டு பின்னாடி இருக்கறதை அடக்கி வெச்சிருக்கும். மூத்தவன் இருக்கறப்போ சின்னவன் வாயைத் திறக்காத மாதிரி. கத்தி பட்டு சங்கிலி அறுந்ததும் ஒவ்வொரு கிழங்கும் தனிக்குடித்தனம், தூங்கின மொட்டெல்லாம் எழுந்துக்கும். ஒரு சால் ஓட்டி விட்டுட்டா கோரையைக் கன்னு பிரிச்சு நட்ட மாதிரி.

ரெண்டாவது, மருந்து. கடைக்காரங்க எடுத்த எடுப்புல களைக்கொல்லிதான் சொல்வாங்க. கிளைபோசேட் இலையில பட்டா உள்ள இறங்கி, இலையோட தொடர்புல இருக்கற கிழங்கு வரைக்கும் போகும். இலை விடாம தூங்கற கிழங்குக்கு எங்க போகும்? அது அப்படியே இருந்து, அடுத்த மழைக்கு எழுந்து வரும். மறுபடி அடிக்கணும். அதோட 2022 அக்டோபர்ல மத்திய அரசு அதுக்குக் கட்டுப்பாடு போட்டு, பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் உள்ளவங்க மூலமாத்தான் அடிக்கணும்னு சொல்லிடுச்சு. கிணத்தை ஒட்டின நிலம், அந்தத் தண்ணியைத்தான் மாடு குடிக்குது. அந்த வழி எனக்கு வேணாம்.

மூணாவது, மூணு வாரக் கணக்கு. முளைச்ச கோரை முதல்ல பழைய கிழங்குல இருக்கற மாவைத் தின்னுட்டுத்தான் மேல வருது. இலை வந்து வெயில் வாங்கி, புதுக் கிழங்கு கட்ட ஏறக்குறைய மூணு வாரம். அதுக்குள்ள இலையை எடுத்துட்டா, செலவு ஆச்சு, வரவு இல்ல. மறுபடி முளைக்கும், மறுபடி எடுக்கணும். வங்கியில இருப்பு குறைஞ்சுக்கினே வரும். அமெரிக்காவுல அலபாமாவுல 1930-கள்லயே இதைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. மூணு வாரத்துக்கு மேல விடாம ரெண்டு பருவம் தொடர்ந்து உழுது அழிச்சிருக்காங்க. ஒரு தடவை உழுது விட்டா கோரை பெருகும், விடாம உழுதா கோரை சாகும். அதே கலப்பைதான், நடுவுல எவ்வளவு நாள் விடறோம்ங்கறதுலதான் எல்லாம்.

நாலாவது, கிழங்குல பெரும்பாலானது மேல் முக்கால் அடிக்குள்ளதான் இருக்கு. வெயில்ல காய்ஞ்சா செத்துடும். அஞ்சாவது, அதுக்கு நிழல் ஆகவே ஆகாது.

இந்த அஞ்சையும் வெச்சு நாங்க செஞ்சது இது.

சித்திரையில கோடை மழை ஒண்ணு விழுந்ததும் அஞ்சு கலப்பை போட்டு தம்பி பங்கை ஆழமா உழுதோம். ரோட்டவேட்டர் இல்ல. அஞ்சு கலப்பை கிழங்கை வெட்டாம, சங்கிலியோட மேல தூக்கிப் போடும். வீட்டுக்காரம்மா, அம்மா, தம்பி பொண்ணு, கூலிக்கு நாலு பேர்னு அடுத்தடுத்த நாள் கிழங்கைப் பொறுக்கிப் பாறை மேல கொட்டினோம். கத்திரி வெயில் மீதியைப் பார்த்துக்கிச்சு. குப்பையில போடக் கூடாது, போட்டா எருவோட அடுத்த வருஷம் வயலுக்கே வரும்.

அடுத்தது பன்னி. சிரிக்காதீங்க. பன்னி மேய்க்கறவங்க ஒருத்தரை அழைச்சுக்கினு வந்து, பதினஞ்சு உருப்படி பன்னியை நாலு நாள் விட்டோம். கோரைக் கிழங்குன்னா அதுக்கு உயிர். மூக்கால நோண்டி, நாம பார்க்காத கிழங்கையும் எடுத்துத் தின்னும். அந்தக் காலத்துல எங்க பக்கம் இது சாதாரணம். வரப்பைக் கொஞ்சம் உடைச்சுடும், அப்புறம் அண்டை கழிச்சுச் சரி பண்ணிக்கலாம்.

வைகாசி, ஆனி ரெண்டு மாசமும் பதினஞ்சு, இருபது நாளுக்கு ஒருமுறை உழவு. தம்பிக்கு நைட் ஷிப்டு இருந்த வாரத்துல ஒரு நாள் அவனே வந்து நின்னான். நான் கூப்பிடல. டிராக்டர்காரர்கிட்ட, "இந்த மூலையில இன்னொரு சால் ஓட்டுங்க, இங்கதான் அது ஜாஸ்தி"ன்னு காட்டினான்.

ஆடியில முதல் மழைக்குக் கொள்ளு. சாதாரணமா விதைக்கறதைவிட ரெண்டு மடங்கு நெருக்கி விதைச்சோம். கோரை இருக்கற இடத்துல கொள்ளு போடறது எங்க தாத்தா காலத்துப் பழக்கம். அப்போ காரணம் கேட்டா "அது சேராது"ன்னுதான் சொல்வாங்க. தம்பி பொண்ணு சொன்னதுக்கு அப்புறம் எனக்குக் காரணம் புரியுது. கொள்ளுக் கொடி தரையை மூடிடும், கோரைக்கு வெயில் கிடைக்காது. பட்டினி. தக்கைப்பூண்டு, தட்டைப்பயறும் அந்த வேலையைச் செய்யும். பூ எடுக்கற சமயத்துல மடக்கி உழுதா தழைச்சத்தும் ஆச்சு. அதுக்கப்புறம் சம்பா நடவு, நல்லா சேறடிச்சு, தண்ணி கட்டி நிறுத்தணும். நிக்கற தண்ணியில இந்த மேட்டுக் கோரை மொடமாயிடும்.

இப்போ ஆவணி. கொள்ளு முழங்கால் உயரம். நேத்து சாயங்காலம் கொடியை விலக்கிப் பார்த்தேன். கோரை இல்லாம இல்ல. இருக்கு. ஆனா வெளுத்துப்போய், நூல் மாதிரி, ஒல்லியா நிக்குது. புடுங்கிப் பார்த்தா அடியில பழைய கிழங்கு சப்பிப் போயிருக்கு, பக்கத்துல புதுசு கட்டல. வரப்போரத்துலயும் கிணத்து மேட்டுலயும் மட்டும் இன்னும் பச்சையா இருக்கு, அங்க கலப்பை போக முடியாது, கையாலதான் எடுக்கணும். முழுசா அழிஞ்சிடும்னு நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ரெண்டு பருவம் தொடர்ந்து பார்க்கணும். பயிர் அதை ஜெயிக்கற அளவுக்கு வந்தா போதும்.

செலவையும் சொல்லணும். உழவுக்கூலி, ஆள் கூலி, கொள்ளு விதை எல்லாம் சேர்த்தா ஒரு போகத்து லாபம் இதுலயே போயிடும். புரோக்கர் சொன்ன தொகையோட பக்கத்துல வெச்சுப் பார்த்தா இது பைத்தியக்காரத்தனம். தம்பி கடன் கொள்ளுப் பயிரால அடையப் போறதில்ல. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

போன ஞாயித்துக்கிழமை அவன் வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பிட்டு முடிச்சு, "புரோக்கர் மறுபடி போன் பண்ணாரு"ன்னான்.

"இன்னா சொன்ன?"

"தை வரைக்கும் பேசாதீங்கன்னு சொன்னேன்."

அவ்வளவுதான் சொன்னான். அம்மா அவனுக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊத்தினாங்க.

தை மாசம் என்ன முடிவு ஆகும்னு இப்போ எழுத முடியாது. நெல்லு நல்லா வந்தா குத்தகை மாதிரி கணக்குப் போட்டு அவன் பங்கை நானே பார்க்கலாம், அவன் கடனுக்கு மாசா மாசம் கொஞ்சம் ஈடு குடுக்கலாம்னு ஒரு யோசனை இருக்கு. அவன் வித்தே ஆகணும்னா, கிணத்துக்கும் பாதைக்கும் என்ன வழின்னு உட்கார்ந்து பேசியாகணும். அது ரெண்டையும் பிரிக்கறது கோரைச் சங்கிலியை அறுக்கற மாதிரி சுலபம் இல்ல.

அடுத்த வாரம் கொள்ளு மடக்கி உழறோம். செம்மண் சரளையில கோரைக்குக் கொள்ளு போட்டுப் பார்த்தவங்க, எத்தனாவது நாள் மடக்கினீங்க, அப்புறம் நடவுல தண்ணி எத்தனை நாள் நிறுத்தினீங்கன்னு சொன்னா எனக்கு உதவியா இருக்கும். கிணத்து மேட்டுக் கோரைக்கு கை வேலை தவிர வேற வழி தெரிஞ்சாலும் சொல்லுங்க. நாத்து விட்டதும் அடுத்த பதிவு எழுதறேன்.